ஆபீஸ் நேரம் போக மீதி

பொழுது போகவில்லை என்று சொல்வதும் நாம்தான். பொழுது போனதே தெரியவில்லை என்று சொல்வதும் நாம்தான். பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் கூடும் இடங்களில் முதல் வாக்கியம்தான் அதிகமாகக் காதில் விழுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. இதற்கு நான் அறிந்தவரை ஸர் சி. வி. ராமனைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

அவருடைய நோபல் பரிசைப் பற்றி நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நான் எழுத விரும்புவது அதற்கு வெகுகாலம் முந்திய பத்து ஆண்டுகளைப் பற்றி. 1907 முதல் 1917 வரை அவர் பேராசிரியர் அல்லர். விஞ்ஞானி என்ற பெயரில் சம்பளம் வாங்கியவரும் அல்லர். நம் அங்கத்தினர்களில் பலரைப் போல அவரும் ஓர் அரசாங்க உத்தியோகஸ்தர். காலை பத்து மணிக்கு ஆபீஸ், மாலை ஐந்து மணிக்கு விடுதலை. இடையில் கோப்புகள், கணக்குகள், இடமாற்ற உத்தரவுகள். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு 35 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்த எனக்கு, அவர் வாழ்க்கையில் மற்ற எந்தப் பகுதியையும்விட இந்தப் பத்து ஆண்டுகள்தான் நெருக்கமாகத் தோன்றுகின்றன.

பதினெட்டு வயதில் உத்தியோகம்

ராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். வயலின் வாசிக்கவும் தெரிந்தவர். வீட்டில் ஒரு பக்கம் புத்தகங்கள், ஒரு பக்கம் வயலின். இவ்விரண்டும் பிற்காலத்தில் மகனுடைய ஆராய்ச்சியில் ஒன்றாகச் சேர்ந்தன.

பதினோரு வயதில் மெட்ரிகுலேஷன். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடமும் பௌதிகத்தில் தங்கப் பதக்கமும் பெற்றார். எம்.ஏ. படிக்கும்போதே, ஒளி ஒரு செவ்வகத் துவாரத்தின் வழியாகச் சாய்வாகச் செல்லும்போது தோன்றும் பட்டைகள் இருபுறமும் சமமாக இல்லாததைக் கவனித்து ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1906 நவம்பரில் லண்டன் பிலசாபிகல் மேகசீன் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இத்தகைய மாணவன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போவதுதான் அக்காலத்து வழக்கம். ஆனால் அவரைப் பரிசோதித்த அரசாங்க டாக்டர், இந்த மெலிந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். இந்தியாவிலேயே தங்கி விஞ்ஞானம் செய்து ஜீவனம் நடத்த அன்று வழி இருக்கவில்லை. ஆகவே நிதித்துறை அதிகாரிகளுக்கான அகில இந்தியப் போட்டித் தேர்வை எழுதி, அதிலும் முதலிடம் பெற்றார். 1907 மே மாதம் லோகசுந்தரி அம்மாளுடன் விவாகம். அடுத்த மாதமே கல்கத்தாவில் அஸிஸ்டென்ட் அக்கவுன்டென்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். வயது 18 முடிந்து 19 ஆகவில்லை.

கௌரவமான பதவி, நல்ல சம்பளம், ஓய்வூதியம். பெற்றோர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். நம் குடும்பங்களில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்பு இந்த இடத்தில்தான் முற்றுப்புள்ளி கண்டிருக்கிறது. பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். பாடம் மெள்ள மறந்து போகும். ராமன் விஷயத்திலும் அப்படி ஆகியிருக்க எல்லா நியாயங்களும் இருந்தன.

டிராமிலிருந்து தெரிந்த பலகை

கல்கத்தாவில் குடியேறிய சில நாட்களுக்குள், டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் நிறுவிய ஸ்தாபனம் அது. இந்தியர்களே நடத்தும், இந்தியர்களே ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடம் வேண்டும் என்று ஊரெல்லாம் நன்கொடை திரட்டி உருவாக்கினார். சொற்பொழிவுகள் நடந்தன, கருவிகளும் வாங்கி வைக்கப்பட்டன. ஆனால் ஆராய்ச்சி செய்ய அவர் எதிர்பார்த்தபடி யாரும் வரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே 1904-இல் காலமானார்.

ராமன் டிராமிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே. எல்லோருக்கும் ஆஷு பாபு. உள்ளே மகேந்திரலாலின் புதல்வர் அமிர்தலால் சர்க்கார் செயலாளராக இருந்தார். ஆபீஸ் நேரத்துக்கு வெளியே இங்கே வந்து வேலை செய்யலாமா என்று இந்த இளைஞர் கேட்டதும், தந்தை காத்திருந்து காணாத ஆள் வந்துவிட்டதாக அமிர்தலால் மகிழ்ந்து போனார். கூடத்தின் வாசல் ராமனுக்கு எந்த வேளையிலும் திறந்தது. ஆஷு பாபு கல்லூரிப் படிப்பு இல்லாதவர். ராமனுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர், பிற்பாடு அவருடன் சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிடும் அளவுக்கு உயர்ந்தார்.

அந்த நாட்களின் தினசரி ஒழுங்கை லோகசுந்தரி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். காலை ஐந்தரை மணிக்கு ராமன் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விடுவார். பத்து மணி ஆபீஸுக்கு, ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்புவார். அவசரமாக ஸ்நானம், அதைவிட அவசரமாகச் சாப்பாடு. நேரமாகிவிட்டதால் டாக்ஸியில்தான் ஆபீஸ் போக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேரே மறுபடியும் கூடம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடத்திலேயே.

இந்த அட்டவணையைப் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்குப் புலப்படுகிறது. காலை ஒன்பதே முக்கால் என்பது கணக்கு எழுதும் உத்தியோகஸ்தரின் நேரம் அல்ல. ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்து, கருவியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், இன்னும் ஒரே ஓர் அளவு எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து விட்டவரின் நேரம். தினமும் டாக்ஸிக்குச் செலவழித்த காசு, அவர் நேரத்தை மறந்ததற்குக் கட்டிய அபராதம் என்றே சொல்லலாம்.

ஏன் நேரம் தெரிவதில்லை?

மிஹாய் சீக்சென்ட்மிஹாய் என்ற ஹங்கேரிய வம்சாவளி உளவியல் அறிஞர் அமெரிக்காவில் இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1990-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஓவியர்கள், மலையேறுபவர்கள், செஸ் ஆட்டக்காரர்கள், அறுவை சிகிச்சை நிபுணர்கள் என்று பலதரப்பட்டவர்களிடமும் விசாரித்தார். மனம் ஒன்றில் முழுதாக ஆழ்ந்து நேரத்தை மறப்பதற்கு அவர் முக்கியமாகக் கண்ட நிபந்தனைகள் மூன்று. செய்யும் காரியத்தின் குறிக்கோள் தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். காரியம் நம் திறமைக்கு ஏற்ற அளவு கடினமாக இருக்க வேண்டும். மிக எளிதானால் சலிப்பு, மிகக் கடினமானால் கவலை.

ராமன் செய்த வேலை இம்மூன்றுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் அதிகம் ஆராய்ந்தது ஒலியையும் அதிர்வையும். வயலின் தந்தியில் வில்லை இழுக்கும்போது தந்தி எப்படி அசைகிறது? சில ஸ்வரங்களில் மட்டும் வாத்தியம் உறுமுவது ஏன்? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் மேஜை மீதே இருந்தது. வில்லின் அழுத்தத்தைச் சற்று மாற்றினால் ஒலி மாறும். புகைப்படத் தகட்டில் கோடு மாறும். கேட்ட உடனே பதில் சொல்லும் தோழனைப் போன்றது நல்ல கருவி. அப்படிப்பட்ட தோழனிடம் பேசிக்கொண்டிருக்கும்போது யார் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்?

சங்கீத ரசிகர்களான நம் அங்கத்தினர்களுக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று ஸ்வர உறவு இல்லாதவை; அதனால் சாதாரணக் கொட்டில் நாதத்தைவிட ஓசைதான் அதிகம். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே உள்ள கருப்புக் கரணை, தோலின் எடையை நடுவில் கூட்டி, எழும் ஒலிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண் விகிதத்தில் கொண்டு வருகிறது. நம் முன்னோர் காதாலேயே கண்டுபிடித்த இந்த நுட்பத்தை ராமன் சோதனைகளால் விளக்கி, 1920-இல் மாணவர் ஒருவருடன் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார். அவர் தொடங்கி வைத்தது வயலினும் மிருதங்கமுமாகிய இந்த வீட்டு விஷயங்களில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இடமாற்றமும் வீட்டுக் கூடமும்

உத்தியோகம் என்றால் இடமாற்றம் உண்டு. 1909-இல் அவரை ரங்கூனுக்கு மாற்றினார்கள். பிறகு நாகபுரி. பௌபஜார் தெருவின் கதவு இரண்டு ஊர்களிலும் கிடையாது. மனிதர் குடியிருந்த வீட்டின் ஒரு பகுதியையே ஆராய்ச்சிக் கூடமாக்கிக் கொண்டார். 1910-இல் தந்தையார் காலமானபோது விடுப்பில் சென்னை வந்தவர், அந்த நாட்களிலும் மாநிலக் கல்லூரிக் கூடத்தில் சோதனைகள் செய்தார். 1911-இல் மறுபடியும் கல்கத்தா கிடைத்தது. பிறகு சங்கக் கட்டடத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோய், இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு வைத்துக்கொண்டார். இனி டிராமும் தேவையில்லை. இரவு எந்நேரமும் கூடத்துக்குப் போகலாம், வரலாம்.

அந்தக் கதவின் இந்தப் பக்கம் இருந்தவரைப் பற்றியும் நாம் யோசிக்க வேண்டும். புது ஊர், புது பாஷை, ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லாத கணவர். நேரத்தை மறக்கும் ஒருவர் இருக்கும் வீட்டில், நேரத்தை நினைவு வைத்துக்கொள்ள இன்னொருவர் இருந்தே தீர வேண்டும். சாப்பாடு எப்போது தயாராக இருக்க வேண்டும், ஆபீஸுக்கு எத்தனை மணிக்குத் துரத்த வேண்டும், மாதச் செலவுக்கு எவ்வளவு என்ற கணக்கெல்லாம் லோகசுந்தரி அம்மாளுடையது. அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர்; பிற்காலத்தில் சமூகப் பணிகளிலும் ஈடுபட்டவர். அந்தப் பத்து ஆண்டுகளில் அவருக்கென்று எத்தனை மணி நேரம் மீந்தது என்பதை எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் பதிவு செய்யவில்லை. ராமனின் சாதனைக் கணக்கில் ஒரு பாதியை அவர் பெயரில் வரவு வைப்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

ஆபீஸ் வேலையை ராமன் தட்டிக் கழித்தாரா என்றால், அதற்கு அறிகுறி எதுவும் இல்லை. திறமையான அதிகாரி என்றே பெயர் பெற்றிருந்தார். எனவே ஆபீஸ்தான் ஆராய்ச்சியைக் கெடுத்தது என்று சொல்வதற்கில்லை. காலையில் நான்கு மணி நேரம்தான், மாலையில் நான்கு மணி நேரம்தான் என்ற வேலி இருந்ததாலேயே அந்த நேரம் இவ்வளவு அடர்த்தியாக இருந்ததோ என்றுகூட நான் நினைப்பதுண்டு. அந்த மீதி நேரத்தில் அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 20-க்கும் மேற்பட்டவை.

பாதிச் சம்பளத்தில் முழு நேரம்

கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி இவரைக் கவனித்து வந்தார். புதிதாக ஏற்பட்ட பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தார். அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அதற்காகப் போக முடியாது என்று ராமன் உறுதியாக மறுக்கவே, முகர்ஜி நிபந்தனையைத் தளர்த்தினார். 1917-இல் ராமன் அரசுப் பதவியை ராஜினாமா செய்தார். புதிய சம்பளம் பழையதில் ஏறக்குறையப் பாதி. வயது 28. நிதித்துறையில் இன்னும் எவ்வளவோ உயரே போயிருக்கலாம். அரசு உத்தியோகத்தை விட்டுவிடுவது என்றால் குடும்பத்தில் என்னென்ன கேள்விகள் எழும் என்பதை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பிற்பட்ட கதை உலகம் அறிந்தது. 1921-இல் முதல் முறையாக இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே கடலின் நிறம் என்று பெரிய விஞ்ஞானியான ராலே பிரபு கருதியிருந்தார். ராமன் கையோடு வைத்திருந்த நிக்கல் பட்டகத்தால், மேற்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று தெளிந்து, கப்பல் பம்பாய்த் துறைமுகத்தைச் சேர்ந்ததும் நேச்சர் இதழுக்குக் கடிதம் அனுப்பினார். சக பயணிகள் பொழுது போகாமல் தவிக்கும் கடல் பயணம் இவருக்கு ஆராய்ச்சிக் கூடமாகி விட்டது.

அங்கிருந்து ஏழு ஆண்டுகள். கே. ஆர். ராமநாதன், கே. எஸ். கிருஷ்ணன் முதலிய சீடர்கள் திரவங்களில் ஒளி சிதறுவதை இருட்டறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மிக மங்கலான ஒளி என்பதால், கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து பிறகுதான் பார்க்க முடியும். இங்கே என் போன்றவர்களுக்கு இன்னொரு சந்தோஷம் உண்டு. 1927-இல் தூய கிளிசரினில் சிதறிய ஒளி பச்சையாகத் தெரிகிறது என்ற முக்கியமான தடயத்தைக் கண்டவர் எஸ். வெங்கடேஸ்வரன். இவர் முழு நேர ஆராய்ச்சியாளர் அல்லர். அலிப்பூரில் இருந்த அரசுப் பரிசோதனைச் சாலையில் வேலை. ஓய்வு வேளையில் மட்டும் கூடத்துக்கு வருவார். இருபது ஆண்டுகளுக்கு முன் ராமனுக்காகத் திறந்த அதே வாசல், இன்னொரு அரசாங்க ஊழியருக்கும் ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் திறந்திருந்தது.

1928 பிப்ரவரி 28-ஆம் தேதி ராமன் விளைவு உறுதிப்பட்டது. ஒரே நிறமுள்ள ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது, அதில் ஒரு சிறு பகுதி தன் சக்தியில் கொஞ்சம் இழந்தோ பெற்றோ வேறு நிறமாக வெளிவருகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் அது எந்த மூலக்கூறு என்று சொல்லிவிடலாம். இன்று மருந்துகளையும் ரத்தினங்களையும் வெடிபொருள்களையும் அடையாளம் காணும் கருவிகள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. 1930-இல் நோபல் பரிசு. பிப்ரவரி 28 இன்று நமக்குத் தேசிய விஞ்ஞான தினம்.

ஓய்வுக்குப் பிறகு

1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அங்கே நிர்வாகத்தில் பிணக்குகள் ஏற்பட்டு 1937-இல் அந்தப் பதவியை விட்டார்; பேராசிரியராக மட்டும் நீடித்தார். சுமுகமாகப் போகும் சுபாவம் அவருடையதல்ல. சொல்லில் கூர்மை அதிகம். 1948-இல், அறுபது வயதில், ஓய்வு. நம்மில் பலர் சாய்வு நாற்காலிக்குத் தாவும் அந்த வயதில், அவர் பெங்களூரிலேயே தம் பெயரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். வைரங்கள், படிகங்கள், பிறகு மலர்களின் நிறம், அந்த நிறத்தைக் கண் எப்படி உணர்கிறது என்ற கேள்வி. 1968-இல், எண்பதை நெருங்கும் வயதில், பார்வையின் இயக்கம் பற்றி ஒரு முழுப் புத்தகத்தையே வெளியிட்டார். தோட்டத்து ரோஜாவைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நிறத்தைப் பற்றி நாள் முழுவதும் யோசிக்க அவருக்கு விஷயம் இருந்தது.

1970 நவம்பர் 21-ஆம் தேதி அவர் காலமானார். நான் அப்போது பி.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவன். எங்கள் பாடப் புத்தகத்தில் ராமன் விளைவு இரண்டு பக்கம். தேர்வுக்கு முக்கியம் என்று கோடிட்டு வைத்திருந்தோம். டிராம், டாக்ஸி, ஒன்பதே முக்கால் மணி, நடுக் கதவு எதுவும் அந்த இரண்டு பக்கத்தில் இல்லை. பல ஆண்டுகள் கழித்து உத்தியோக நிமித்தமாகக் கல்கத்தாவில் இருந்தபோது பௌபஜார் தெருவில் பலமுறை நடந்திருக்கிறேன். தெருவின் பெயர் மாறிவிட்டது. சங்கமும் வெகுகாலம் முன்பே ஜாதவ்பூருக்குப் போய்விட்டது.

ராமனின் மேதை நமக்கு வராது. ஆனால் அவருக்கு வாய்த்த மற்றவை அபூர்வமானவை அல்ல: மனதை விட்டுப் போகாத ஒரு கேள்வி, அதற்கு உடனே பதில் சொல்லக்கூடிய ஒரு வேலை, வேளை பாராமல் திறக்கும் ஒரு கதவு, அதைத் திறந்துவிடும் ஓர் ஆஷு பாபு. பல ஊர்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களில் சிலர், இந்தக் கடைசி வேலையைச் செய்யும் நிலையில் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் நூலகமோ பள்ளிக்கூடப் பரிசோதனைச் சாலையோ உங்கள் பொறுப்பில் இருந்தால், யாராவது ஒரு பையனோ பெண்ணோ வந்து தட்டும்போது நேரம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

பெங்களூர்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்ல வாய்த்தால் அந்தத் தோட்டத்தைப் பாருங்கள். அவர் விருப்பப்படி அங்கேயே தகனம் நடந்தது. நினைவுக் கட்டடம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு மரம் மட்டும் நட்டிருக்கிறார்கள்.